பெட்டிக்கடையே வங்கியான கதை



காக்கிச் சட்டை அணிந்த தபால்காரர், மிதிவண்டியை வாசலில் நிறுத்தி, "மணியார்டர் வந்திருக்கிறது" என்று குரல் கொடுத்த காலம் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கும். எங்கோ வெளியூரில் கடையில் நின்று உழைத்த மகன் அனுப்பிய பணம், கூடவே அவன் எழுதிய இரண்டு வரிச் செய்தியோடு வந்து சேரும். உம்மா கைநாட்டு வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் மளிகைக் கடைப் பாக்கி தீரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டப்படும்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில் அத்தகைய தபால்காரர் கிடையாது. அங்கே கடிதங்களே வீடு தேடி வருவதில்லை. அஞ்சலகத்தில் வாடகைக்கு எடுத்துள்ள பெட்டியில் அவை போடப்படும். உரியவர் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தலைநகர் நைரோபியில் காவலாளியாகவோ கட்டடக் கூலியாகவோ பாடுபடும் ஒருவர், தொலைதூரக் கிராமத்திலிருக்கும் மனைவி மக்களுக்குப் பணம் அனுப்ப விரும்பினால் என்ன செய்வார்? தாமே பேருந்து ஏறிப் போக வேண்டும்; அல்லது ஊருக்குப் போகும் உறவினர் கையில், அதுவும் இல்லையெனில் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். வழியில் களவு போவதுண்டு. கொண்டுபோனவரே செலவழித்துவிட்டுக் காரணம் சொல்வதுமுண்டு. வங்கிகளோ பெருநகரங்களில் இருந்தன. அவை கேட்ட இருப்புத் தொகை ஏழையின் பல மாத ஊதியத்தை விழுங்கிவிடும்.

2006ஆம் ஆண்டு அந்நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 100க்கு 27 பேர்தாம் வங்கி முதலிய முறையான நிதி அமைப்பு எதனோடும் தொடர்பு கொண்டிருந்தனர். 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 85. பதினெட்டே ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதில் மகிழ்வதற்கும் இருக்கிறது, அஞ்சுவதற்கும் இருக்கிறது.

கடன் வசூலிக்கப் பிறந்த கருவி

அந்த மாற்றத்தின் பெயர் எம்-பெசா. "எம்" என்பது மொபைல் என்னும் கைப்பேசியைக் குறிக்கும். "பெசா" என்பது சுவாஹிலி மொழியில் பணம். நம் நாட்டுப் "பைசா"தான் கடல் கடந்து போய் அங்கே "பெசா" ஆயிற்று என்பர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இந்திய ரூபாயே அங்குச் செலாவணியாக இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

இங்கிலாந்தின் வோடஃபோன் நிறுவனத்தில் பணியாற்றிய நிக் ஹியூஸ் என்பவருக்கு இந்த எண்ணம் உதித்தது. பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறை இதற்குப் பொருளுதவி செய்தது. சூசி லோனி என்னும் பெண்மணி நைரோபிக்கு வந்து பணிகளை முன்னின்று நடத்தினார். 2005 அக்டோபரில் சோதனை தொடங்கியது. நோக்கம் என்ன தெரியுமா? ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் ஒரு நிறுவனம், தன் கடன் தவணைகளைக் கைப்பேசி வழியே எளிதாக வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்!

சோதனையில் கலந்துகொண்டோர் ஐந்நூறு பேர்கூட இல்லை. ஆனால் அந்தச் சிலர், கருவியை வகுத்தவர்கள் எண்ணிப் பாராத வழிகளிலெல்லாம் அதைப் பயன்படுத்தினர். தவணை கட்டுவதோடு நிற்காமல் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டனர். கடைக்காரர்கள் அன்றைய வசூலை இரவு முழுதும் பெட்டியில் வைத்துக் காவல் காப்பதற்குப் பதிலாகக் கைப்பேசியில் போட்டு வைத்தனர். வழிப்பறிக்கு அஞ்சிய பயணிகள், புறப்படும் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்ச் சேரும் ஊரில் எடுத்துக்கொண்டனர்.

இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது எனக்குப் புன்னகை வந்தது. மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் ஓதியவர்கள் "சுஃப்தஜா" என்ற சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். வழியின் ஆபத்துக்கு அஞ்சி, ஓர் ஊரில் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, மற்றோர் ஊரில் அவருடைய ஆளிடம் பெற்றுக்கொள்ளும் முறை அது. நிபந்தனையிட்டு இவ்வாறு செய்வது கூடுமா, வெறுக்கத்தக்கதா என்று இமாம்களிடையே கருத்து வேறுபாடே உண்டு. பாக்தாதுக்கும் டமாஸ்கஸுக்கும் இடையே ஒட்டகத்தில் போன வணிகருக்கு இருந்த அச்சமே, நைரோபிக்கும் தீகாவுக்கும் இடையே பேருந்தில் போனவருக்கும் இருந்திருக்கிறது.

மக்கள் காட்டிய வழியை நிறுவனத்தார் பிடித்துக்கொண்டனர். கடன் வசூல் திட்டம் கைவிடப்பட்டது. "ஊருக்குப் பணம் அனுப்புங்கள்" என்ற ஒரே அழைப்போடு 2007 மார்ச் மாதம், சஃபாரிகாம் என்னும் கைப்பேசி நிறுவனத்தின் வாயிலாக எம்-பெசா நாடு முழுதும் தொடங்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 90 லட்சம் பேர் அதில் சேர்ந்தனர்.

கடைக்காரர் கையிலுள்ள இரண்டு பணப்பெட்டிகள்

இது எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். விந்தையான இயந்திரம் ஏதுமில்லை. விலையுயர்ந்த கைப்பேசியும் தேவையில்லை. பொத்தான்கள் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதும். உண்மையில் இதன் உயிர்நாடி கைப்பேசியன்று, தெருமுனைப் பெட்டிக்கடைதான்.

சோப்பும் மாவும் விற்கும் ஒரு கடைக்காரர் எம்-பெசா முகவராகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் தம் சொந்தப் பணத்தை வங்கியில் கட்டி, அதற்கு ஈடான "கைப்பேசிப் பண"த்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இனி அவரிடம் இரண்டு பெட்டிகள்: ஒன்றில் நோட்டும் சில்லறையும், மற்றொன்றில் கைப்பேசிப் பணம். வாடிக்கையாளர் 1000 ஷில்லிங் கொடுத்தால், கடைக்காரர் அதை முதல் பெட்டியில் போட்டுக்கொண்டு இரண்டாவது பெட்டியிலிருந்து 1000ஐ அவர் கணக்குக்கு மாற்றுவார். இருவருக்கும் உடனே குறுஞ்செய்தி வரும். வாடிக்கையாளர் அதை ஊரிலுள்ள மனைவிக்கு அனுப்புவார். அந்த அம்மையார் தம் ஊர்க் கடைக்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டி, தம் ரகசிய எண்ணைத் தாமே அழுத்தி, ரொக்கமாகப் பெற்றுக்கொள்வார். அந்தக் கடையில் நடப்பது முன்னதற்கு நேர்மாறு: நோட்டு குறையும், கைப்பேசிப் பணம் கூடும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தீர்களா? கடைக்காரர் முன்கூட்டியே பணம் கட்டியிருப்பதால், அவர் ஓடிப்போனாலும் வாடிக்கையாளரின் பணம் போகாது. அவர் கையிலுள்ள நோட்டு அவருடையதே. ஆனால் அவருக்கு வேறொரு தொல்லை உண்டு. சம்பள நாளில் நகரத்துக் கடையில் எல்லோரும் கட்டுவார்கள். கைப்பேசிப் பணம் தீர்ந்துபோகும். கிராமத்துக் கடையில் எல்லோரும் எடுப்பார்கள், நோட்டு தீர்ந்துபோகும். அப்போது கடையைப் பூட்டிவிட்டு, வங்கி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதுதான். இந்த ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் அவருக்குத் தரகு கிடைக்கிறது.

தொடக்கத்தில் பணம் கட்டுவதற்குக் கட்டணமில்லை. அனுப்புவதற்கு 30 ஷில்லிங். எடுப்பதற்குத் தொகைக்கேற்ப 25 ஷில்லிங் முதல். கட்டணப் பட்டியல் கடைவாசலில் தொங்கியது. எழுத்தறிவு குறைந்தவரும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். இன்று கென்யாவிலுள்ள வங்கிக் கிளைகள் ஏறத்தாழ 1500. எம்-பெசா கடைகளோ 2 லட்சத்துக்கும் மேல்.

அப்படியானால் மக்கள் கட்டிய பணமெல்லாம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழும். கைப்பேசி நிறுவனம் அதைத் தொட முடியாது. வங்கிகளில் தனி அறக்கட்டளைக் கணக்கில் அது வைக்கப்பட்டுள்ளது. அந்தக் கணக்கில் சேரும் வட்டி வாடிக்கையாளருக்கும் செல்வதில்லை, நிறுவனத்தின் இலாபத்திலும் சேர்வதில்லை, அறப்பணிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. அண்டை நாடான தான்சானியாவில் இதே தொழிலிலுள்ள ஒரு நிறுவனம், 2014ஆம் ஆண்டு முதல் அந்த வருவாயை வாடிக்கையாளர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தது. உலகோர் அதைப் பெரிதும் பாராட்டினர். நம் வாசகர்களில் பலர் கென்யாவின் ஏற்பாட்டையே விரும்புவார்கள் என்று நினைக்கிறேன்.

வங்கி முதலாளிகள் வாளாவிருப்பார்களா? உரிமம் பெறாத ஒரு வங்கி நாட்டில் நடக்கிறது என்று 2008 இறுதியில் நிதியமைச்சரிடம் முறையிட்டனர். தணிக்கை நடந்தது. அமைப்பு பாதுகாப்பானதே என்று 2009 ஜனவரியில் அரசு அறிவித்துவிட்டது. தொடக்கத்திலேயே கதவை அடைக்காமல், "நடத்திப் பாருங்கள், நாங்கள் கண்காணிக்கிறோம்" என்று இடங்கொடுத்த கென்யாவின் மத்திய வங்கியைப் பாராட்டத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் நிகழ்ந்த மாற்றங்கள்

2007 டிசம்பர்த் தேர்தலுக்குப் பின் கென்யாவில் பெருங்கலவரம் மூண்டது. நைரோபியின் சேரிகளில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு வெளியிலிருந்து உறவினர்கள் கைப்பேசி வழியே பணம் அனுப்பினர். சாலைகள் அடைக்கப்பட்டிருந்தன, பணத்துக்கு மட்டும் வழி திறந்திருந்தது.

பொருளியல் அறிஞர்களான தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய இருவரும் கென்யக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். நோயோ, வேலையிழப்போ, பயிர்ச் சேதமோ நேர்ந்தபோது, எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு சராசரியாக 100க்கு 7 பங்கு குறைந்தது. எம்-பெசா உள்ள குடும்பங்களில் குறையவில்லை. காரணம் எளியது. இடர் நேர்ந்த வீட்டுக்கு உறவினர் பலர் சிறுகச் சிறுக அனுப்பிய தொகை அன்றைக்கே வந்து சேர்ந்தது. 2016இல் அவர்கள் வெளியிட்ட மற்றொரு ஆய்வின்படி, 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டன. 1,85,000 பெண்கள் வயிற்றுப்பாட்டு விவசாயத்தை விட்டுச் சிறு வணிகத்துக்கு வந்தனர். இந்தக் கணக்கு மிகையானது என்று மறுத்தெழுதிய பொருளியல் அறிஞர்களும் உண்டு. கணக்கில் சற்றுக் கூடுதல் குறைவு இருக்கலாம். அவசர நேரத்தில் அன்றைக்கே வந்த பணம் அந்த வீட்டாருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஓல்கா மொராவ்சின்ஸ்கி என்ற ஆய்வாளர் நைரோபியின் கிபேரா சேரியிலும் ஒரு கிராமத்திலும் தங்கி எழுதிய செய்திகள் நம் தாய்மார்களுக்குச் சுவையாக இருக்கும். பெண்கள் தங்கள் சேமிப்பைக் கணவனின் கண்ணில் படாமல் கைப்பேசியில் வைத்துக்கொண்டனர். அடுப்படி அரிசிப் பானையின் வேலையைக் கைப்பேசி செய்தது! நகரத்திலிருந்து முன்பு எப்போதோ ஒருமுறை பெருந்தொகையாக வந்த பணம், இப்போது சிறு தொகையாக அடிக்கடி வந்தது. ஆனால் கிராமத்து மனைவிமார்களுக்கு ஒரு வருத்தமும் இருந்தது. முன்பெல்லாம் பணத்தைக் கொடுப்பதற்காகவாவது கணவன் ஊருக்கு வருவான். இப்போது பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. சபுராளிகளின் வீடுகள் நிறைந்த நம் ஊர்களில் இந்த வருத்தத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அரசே இல்லாத நாட்டில்

கென்யாவின் வடகிழக்கே எல்லையைத் தாண்டினால் சோமாலியா. முழுக்க முழுக்க முஸ்லிம் மக்கள் வாழும் நாடு. 1991இல் அங்கு மத்திய அரசு வீழ்ந்தது. வங்கிகளும் அத்தோடு வீழ்ந்தன. அதன் பிறகு புதிய நோட்டை அச்சிடுவதற்குக்கூட ஆளில்லை. புழக்கத்திலிருக்கும் உள்நாட்டு நோட்டுகளில் 100க்கு 98 கள்ள நோட்டு என்று பன்னாட்டு நிதியம் ஒருமுறை மதிப்பிட்டது!

அந்த மக்களை வாழவைத்தது ஹவாலா. இந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கள்ளக் கடத்தலும் காவல்துறையும் நினைவுக்கு வருகின்றன. 1990களில் நம் நாட்டுச் செய்தித்தாள்கள் செய்த கைங்கரியம் அது. ஃபிக்ஹு நூல்களில் ஹவாலா என்று தனிப் பாடமே இருக்கிறது. ஒருவர் மீதுள்ள கடன் பொறுப்பை மற்றொருவர் மீது மாற்றுவதே அதன் பொருள். லண்டனில் டாக்ஸி ஓட்டும் சோமாலியர் அங்குள்ள முகவரிடம் பணத்தைக் கொடுப்பார். மொகதிஷுவிலுள்ள முகவர் அவருடைய தாயாரிடம் பணத்தைச் சேர்ப்பார். குலமும் நாணயமுமே அங்கே ஆவணம்.

2001 நவம்பரில் அமெரிக்கா, சோமாலியரின் மிகப்பெரிய ஹவாலா நிறுவனமான அல்-பரகாத்தைப் பயங்கரவாதப் பழி சுமத்தி முடக்கியது. எண்ணற்ற குடும்பங்களின் வருவாய் ஒரே நாளில் தடைபட்டது. செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையத்தின் அலுவலர்களே, அந்நிறுவனத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் உண்மையான தொடர்பு இருந்ததற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை என்று 2004இல் எழுதினார்கள். கென்யாவிலும் 2015 ஏப்ரலில், காரிஸா பல்கலைக்கழகத்தில் நடந்த கொடிய தாக்குதலுக்குப் பின், 13 ஹவாலா நிறுவனங்களின் உரிமம் நிறுத்தப்பட்டு, ஜூன் மாதத்தில் திருப்பித் தரப்பட்டது. குற்றம் செய்தவன் எவனோ. இடையில் பட்டினி கிடந்தது யாரோ.

இத்தகைய நாட்டில்தான் 2009இல் சோமாலிலாந்துப் பகுதியில் "ஸாத்" என்ற பெயரிலும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மொகதிஷுவில் "இ.வி.சி. பிளஸ்" என்ற பெயரிலும் கைப்பேசிப் பணம் வந்தது. டாலரில் கணக்கு. ஒருவர் மற்றவருக்கு அனுப்புவதற்குக் கட்டணமே இல்லை. வாடிக்கையாளர் தங்களிடமே நிலைத்து, பேசும் நேரத்தை வாங்கினால் போதும் என்பது நிறுவனங்களின் கணக்கு. 2017இல் உலக வங்கி கணித்தபடி, 16 வயதுக்கு மேற்பட்டோரில் 100க்கு 73 பேர் இதைப் பயன்படுத்தினர். அவ்வாண்டு வறட்சியில் தொண்டு நிறுவனங்கள் உதவித் தொகையை இவ்வழியே அனுப்பின. தேநீர்க் கடையிலும் ஒட்டகச் சந்தையிலும் நோட்டைக் காண்பது அரிதாயிற்று. ஆயினும், நிறுவனம் நொடித்தால் மக்கள் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்பதற்கு நெடுங்காலம் சட்டமே இல்லை. 2021 பிப்ரவரியில்தான் அங்கு மத்திய வங்கி இத்தொழிலுக்கு முதல் உரிமத்தை வழங்கியது.

துரத்திய கடன் திரும்பி வந்தது

இனி அஞ்சத்தக்க பகுதிக்கு வருவோம். கென்ய மக்கள் எந்தக் கடன் வசூல் கருவியைப் பணம் அனுப்பும் கருவியாக மாற்றினார்களோ, அதற்குள் ஐந்தே ஆண்டுகளில் கடன் மீண்டும் நுழைந்தது. 2012 நவம்பரில் ஒரு வங்கியும் சஃபாரிகாமும் சேர்ந்து "எம்-ஷ்வாரி" என்ற சேவையைத் தொடங்கின. சுவாஹிலியில் ஷ்வாரி என்றால் அமைதி! ஈடு வேண்டாம், சாட்சி வேண்டாம், படிவமும் வேண்டாம். நீங்கள் கைப்பேசியில் எவ்வளவு பேசினீர்கள், எவ்வளவு பணம் அனுப்பினீர்கள் என்பதை வைத்துக் கணினியே உங்களை எடைபோட்டுக் கடன் கொடுத்துவிடும். நள்ளிரவிலும் கிடைக்கும்.

தொடக்கத்தில் 30 நாள் கடனுக்கு 100க்கு 7.5 வீதம் கட்டணம். 1000 ஷில்லிங் வாங்கினால் அடுத்த மாதம் 1075 கட்ட வேண்டியிருந்தது. தவறினால் இன்னொரு 7.5. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 100க்கு 90! நம் கடைத்தெருக் கந்துவட்டிக்காரர்களும் வெட்கப்படக் கூடிய வீதம் இது. ஆனால் வட்டி என்ற பெயர் எங்கும் இல்லை. "வசதிக் கட்டணம்" என்றே பெயர். 2019இல் வந்த "ஃபுலிசா" என்ற சேவையில் இருப்பு போதாவிட்டாலும் பணம் அனுப்பலாம். குறைந்த தொகைக்கு நாள்தோறும் கட்டணம் ஏறும்.

இங்கேதான், வாசகர்களே, நாம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்த்ததற்காக வாங்கும் 30 ஷில்லிங் கூலி. சுமை தூக்கியவருக்குக் கொடுப்பது போன்றது. அதில் எவருக்கும் ஐயமில்லை. கொடுத்த கடன் திரும்பும் வரை காத்திருந்ததற்காக வாங்கும் 75 ஷில்லிங் வட்டி. இரண்டும் ஒரே கைப்பேசியில், ஒரே நிறுவனத்தின் பெயரில், "கட்டணம்" என்ற ஒரே சொல்லோடு வருகின்றன. முதலாவது ஏழையின் கையில் பணத்தைச் சேர்த்தது. இரண்டாவது பலருடைய கையிலிருந்து எடுத்துக்கொண்டது. கைப்பேசிப் பணம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாக வாதிடுவோர் இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்-ஷ்வாரி கிடைத்த குடும்பங்கள், இடர் நேர்ந்தபோது அவசியச் செலவுகளைக் கைவிடுவது குறைந்தது என்று சூரியும் ஜாக்கும் வேறொரு ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கடன் கிடைக்காதவனின் துன்பம் சிறிதன்று. ஆயின், அதே வழியில் எண்ணற்ற கடன் செயலிகள் நுழைந்த பிறகு நடந்தது வேறு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கைப்பேசிக் கடன் வாங்கிய கென்யர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தவணை தவறியிருந்தனர். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர், கடன் திருப்பாதோர் பட்டியலில் ஏறியது. அவர்களில் பலர் பாக்கி வைத்தது ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவளவே. பட்டியலில் ஏறியவருக்கு வேறெங்கும் கடன் கிடைக்காது. சில வேலைகளும் கிடைக்கா. கைப்பேசி வழிச் சூதாட்டமும் இதே பாதையில் பரவி, கடன் வாங்கிப் பந்தயம் கட்டும் இளைஞர் கூட்டத்தை உருவாக்கியது.

கொடுமையின் உச்சம் இதற்கு மேல்தான். சில செயலிகள் கடன் கொடுக்கும்போதே கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டன. தவணை தவறினால் மாமியாருக்கும் முதலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அழைப்புப் போகும்: "இன்னார் கடன்காரர், கட்டச் சொல்லுங்கள்." மானத்தை ஈடாக வைத்துக் கொடுத்த கடன் அது.

கென்ய அரசு தாமதமாகவேனும் விழித்துக்கொண்டது. 1000 ஷில்லிங்குக்குக் குறைந்த பாக்கிக்காக எவரையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய கடன் நிறுவனங்கள் மத்திய வங்கியின் உரிமம் பெற வேண்டும் என்று ஆயிற்று. 2022 செப்டம்பருக்குள் 288 விண்ணப்பங்கள் வந்தன. அப்போது உரிமம் பெற்றவை 10 மட்டுமே.

கென்யாவின் மக்கள் தொகையில் 100க்கு 11 பேர் முஸ்லிம்கள். இவர்களுக்காக அங்குள்ள இஸ்லாமிய வங்கி ஒன்று சஃபாரிகாமுடன் சேர்ந்து "ஹலால் பெசா" என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. கடனுக்குப் பதிலாக முராபஹா முறையில் பொருள் வாங்கி விற்பதாக அதன் அமைப்பு. வரவேற்போம். ஆனால் பெயரைக் கேட்டதும் மனநிறைவு கொள்ள என்னால் இயலவில்லை. கைப்பேசியில் கண் இமைக்கும் நேரத்தில் முடியும் அந்த வியாபாரத்தில் உண்மையாகவே ஒரு பொருள் கைமாறுகிறதா என்று அவ்வூர் உலமாக்கள் விடாமல் விசாரிக்க வேண்டும். "வசதிக் கட்டணம்" என்ற பெயரைக் குறை சொன்ன நாவு, அரபுப் பெயர் என்பதற்காக அடங்கிவிடலாகாது.

நம் வீட்டு வாசலில்

எம்-பெசா நம் நாட்டுக்கும் 2013இல் வந்தது, நிலைக்கவில்லை, 2019இல் மூடப்பட்டது. இந்தியா வேறு வழியில் சென்றது. 2014இல் ஜன்தன் திட்டத்தின் மூலம் முதலில் எல்லோருக்கும் வங்கிக் கணக்கு, பிறகு 2016இல் கணக்கிலிருந்து கணக்குக்கு நொடியில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை. கணக்குத் தொடங்கியதாலேயே எல்லாம் ஆகிவிடவில்லை. 2021இல் உலக வங்கி கணக்கெடுத்தபோது, நம் நாட்டுக் கணக்குகளில் 100க்கு 35 ஓராண்டாக அசைவற்றுக் கிடந்தன. உலகம் முழுதும் வயது வந்தோரில் 130 கோடிப் பேருக்கு 2024இலும் எந்தக் கணக்கும் இல்லை.

நைரோபியில் நடந்த கடன் செயலிக் கொடுமை நம் நாட்டிலும் 2020 முதல் நடந்தது. மிரட்டலுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை வகுத்தது. கடன் செயலி எதுவும் உங்கள் கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையோ, படங்களையோ, அழைப்பு விவரங்களையோ எடுக்கக் கூடாது. கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது எந்த நிதி நிறுவனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். இம்மூன்றில் ஒன்றை மீறினாலும் அந்தச் செயலி சட்டத்துக்குப் புறம்பானது. அஞ்சாமல் புகார் செய்யலாம்.

கென்யாவில் அடிக்கடி நடக்கும் மற்றொரு மோசடியையும் நம் தாய்மார்கள் அறிந்துகொள்ள வேண்டும். "உங்களுக்குப் பணம் வந்துள்ளது" என்று போலிக் குறுஞ்செய்தி வரும். பின்னாலேயே ஒருவர் அழைத்து, "அம்மா, தவறுதலாக அனுப்பிவிட்டேன், பிள்ளைக்கு மருத்துவச் செலவு, திருப்பி அனுப்புங்கள்" என்று அழுவார். இரக்கமுள்ளவர் அனுப்பிவிடுவார், வந்ததாகச் சொன்ன பணமோ வந்தேயிராது. இங்கும் அதே நாடகம் நடக்கிறது. செய்தியை நம்பாதீர்கள், கணக்கில் இருப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் தருவதாகச் சொல்லி உங்கள் ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதை அழுத்தினால் பணம் வெளியேதான் போகும்.